ஐஸ்பெட்டி அண்ணனின் ஆறாத போன்

பினாங்கில் மத்தியான வெயிலில் துறைமுகத்து இரும்பு கொதிக்கும். பொழுது சாய்ந்தால் ஆறிவிடும். கோயில் வாசல் கருங்கல் காலைச் சுடும். நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் அதுவும் ஆறிவிடும். இந்தத் தீவில் எந்த நேரத்திலும் ஆறாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஐஸ்பெட்டி அண்ணனின் போன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும். யாரும் பார்த்ததில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் பாத்திரக்கடை, பூக்கடை, நகைக்கடை, பணம் மாற்றும் கடை எல்லாவற்றுக்கும் அவர் ஐஸ்பெட்டி அண்ணன்தான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அவர் மகள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் வருத்தப்படுவார் என்று நினைத்து அவள் செய்த காரியம். அதன் பிறகு இந்த ஊரில் ஒருவரும் சும்மா உட்கார முடியவில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் நீல நிற ஐஸ்பெட்டி ஒன்று இருக்கும். தூண்டில் போடப் போகிறவர்கள் கொண்டுபோவார்களே, அந்த மாதிரி. அதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ். ஐஸின் மேல், ‘குட் மார்னிங்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த வெள்ளைத் துண்டு. துண்டின் மேல், காய்ச்சலில் படுத்த பிள்ளை மாதிரி, அந்தப் போன். யாராவது கூப்பிட்டால் மூடியைத் திறந்து, பெட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவார். வெளிநாட்டு டூரிஸ்டுகள் இவர் மீனோடு பேசுகிறார் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

முக்குக் கடையில் உட்கார்ந்தால் அவருடைய ஆர்டர் எப்போதும் ஒன்றுதான். “எனக்கு ஒரு தே ஓ. இதுக்கு ஒரு ஐஸ் கோசோங்.” பால் இல்லாத தேநீரும் வெறும் ஐஸ் நிரம்பிய கிளாஸும் வரும். போனை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் தேநீரை ஊதி ஊதிக் குடிப்பார். அந்த மேசையில் சூடாக இருக்க அனுமதி பெற்றது தேநீர் மட்டும்தான்.

போன் ஏன் அப்படிக் கொதித்தது என்று தெரிந்துகொள்ள, அது பார்த்த வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பினாங்கில் பிறப்பு, இறப்பு, காதுகுத்து, கோயில் பூஜை, தண்ணீர் வெட்டு, சாலைத் தடுப்பு, காணாமல் போன நாய், கண்டெடுத்த பர்ஸ் என்று எல்லாச் செய்தியும் அவர் போன் வழியாகத்தான் மற்ற போன்களுக்குப் போகும். துறைமுகத்து ஆட்களின் குழு, கோயில் குழு, அடுக்குமாடி மின்தூக்கிக் குழு என்று அவர் இல்லாத குழுவே கிடையாது. கர்ப்பிணிப் பெண்களுக்கான உடற்பயிற்சிக் குழு ஒன்றில் யாரோ தவறி அவர் நம்பரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் வெளியேறவில்லை. கேட்டால், “எல்லாம் உண்டாயிருக்கிற பிள்ளைங்க. பட்டுன்னு எழுந்து போனா மனசு சங்கடப்படாதா?” என்றார். அங்கேயும் தினமும் காலை வணக்கம் போட்டார். பிரசவம் ஆனதும் அந்தப் பெண்கள் முதலில் புருஷனுக்குச் சொன்னார்களா இவருக்குச் சொன்னார்களா என்பது எங்கள் தெருவில் தீராத சந்தேகம்.

விடியுமுன்னே எல்லாக் குழுவுக்கும் ஒரு சாமி படம், கீழே ரோஜாப்பூ, அதன் கீழே ‘இனிய காலை வணக்கம்’. செவ்வாயும் வெள்ளியும் முருகன். சனிக்கிழமை பெருமாள். மற்ற நாளில் அவர் மனசில் யார் வருகிறார்களோ அவர்கள். பதிலுக்கு எல்லோரும் ஒரு சாமியை அனுப்புவார்கள். வந்த சாமி எல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே தங்கிவிடும். அங்கேதான் சிக்கல்.

பாத்திரக்கடைக்கு எதிரே, கடைகளின் முன்நடையான அஞ்சடியில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போன் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். ஐஸ்பெட்டி அண்ணனின் போனுக்கு அவர்தான் குடும்ப டாக்டர். ஒவ்வொரு தடவையும் போனைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே மருந்தைத்தான் சொல்லுவார்.

“அண்ணே, உள்ள மூச்சு விட இடமில்ல. பழைய படத்தை எல்லாம் டிலீட் பண்ணுங்க.”

“என்ன பாய் சொல்றீங்க? முருகனை டிலீட் பண்ணச் சொல்றீங்களா?”

“முருகன் கோயில்லயே இருக்காருல்ல. இதுல எதுக்கு?”

“தானா வந்த சாமியைக் கையால அழிக்கறதா? நம்மால முடியாது லா.”

சாமியை விட்டுவிட்டு மற்றதையாவது அழிக்கலாமே என்று பாய் கேட்பார். மற்றது என்றால் மரண அறிவிப்புகள். அதற்கும் அண்ணன் தலையை ஆட்டிவிடுவார். ஏற்கெனவே செத்தவர்களை இன்னொரு தடவை இல்லாமல் ஆக்குவது பாவம் என்பது அவர் கட்சி. இப்படியாக, தேவர்களும் காலமானவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்க, இடமில்லாமல் அந்தப் போன் கொதித்தது. கொதித்தால் நின்றுவிடும். இந்த ஊர் பாஷையில் ஹேங் ஆகிவிடும். அப்போது அவர் தன் மோட்டாரில் ஏறி, ஐஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவார்.

மீன் பசாரில் ஒரு தெங்கிரி மீனின் பக்கத்தில் கொஞ்ச நேரம் போனைப் படுக்க வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் அவர் பேசுவதைக் கவனமாகக் கேட்டன. சரி, மீன் வேண்டாம், மணமான இடம் பார்ப்போம் என்று பூக்கார அக்காவின் மல்லிகைப் பெட்டியில் வைத்தார். பூ வாடாமலிருக்க அக்கா ஐஸ் போட்டு வைத்திருப்பார். போனில் மீன் வாடை மிச்சமிருக்கக் கண்டு, அது பூவில் ஏறாமலிருக்க அக்கா அதை ஒரு வாழை இலையில் சுற்றி ஓரமாக வைத்தார். அவர் காசு மாற்றப் போன நேரத்தில், கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் புருஷன் அந்தப் பொட்டலத்தையும் மல்லிகையோடு மல்லிகையாகக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்.

மாலைப் பூஜை. திரை விலகுகிறது. குருக்கள் பூக்கூடையைத் தூக்குகிறார். அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. ஐஸ்பெட்டி அண்ணன் தன் போனுக்கு வைத்திருந்த மணி அது. முருகன் சந்நிதியில், கண்ணுக்குத் தெரியாத சேவல் ஒன்று கூவினால் கூட்டம் என்ன செய்யும்? “அரோகரா” என்று கோயிலே அதிர்ந்தது. ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. குருக்கள் இலையைப் பிரித்து, போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ, “அண்ணே, கேஸ் சிலிண்டர் வந்துருச்சா?” என்று கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து அன்னதானம். ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் என்பதை எல்லோருக்கும் சொல்லச் சொல்லிக் கோயில் கமிட்டி அவரிடம் ஒப்படைத்தது. ‘இன்று மதியம் அன்னதானம், அனைவரும் வருக’ என்று அவரும் ஞாயிறு காலை அனுப்பினார். பாதிக் குழுவுக்குப் போனதும் போன் ஹேங். ராத்திரி முழுக்க ஐஸில் கிடந்து, திங்கட்கிழமை காலையில்தான் அதற்கு உயிர் வந்தது. வந்ததும் மீதிப் பாதிக்குத் தன் கடமையைச் செய்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் பூட்டிய கோயில் கதவின் முன்னால் டிபன் கேரியரோடு ஒரு கூட்டம். கமிட்டி அவசரமாகக் கூடி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை எல்லாக் குழுவிலும் போட வேண்டும் என்றும் முடிவு செய்தது. எல்லாக் குழுவிலும் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஆகவே அவரிடமே கொடுத்தார்கள். அவர் ஒரு எழுத்து விடாமல் அனுப்பினார், கீழே வழக்கமான ரோஜாப்பூவோடு.

இப்படிப்பட்ட மனிதரின் பார்வை ஒருநாள் என்மேல் விழுந்தது.

நான் அந்தத் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடையில் வேலை செய்கிறேன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண்கள் வந்து விலை கேட்டால் பாத்திரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவேன். விலை அங்கேதான் ஒட்டியிருக்கும் என்பது ஒரு வசதி. என்னிடம் இருந்தது பட்டன் அமுக்கும் சின்ன போன். அது சூடானதே இல்லை. யாராவது கூப்பிட்டால்தானே.

“தம்பி, உனக்கு ஒரு வழி பண்றேன்,” என்றார் ஐஸ்பெட்டி அண்ணன். வேண்டாம் அண்ணே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அனுப்பிவிட்டார். கடை ஆயுதபூஜையில் எடுத்த படம். அதில் ஒரு பெரிய அண்டாவுக்குப் பின்னால் நான் பாதி தெரிவேன். கீழே அவரே எழுதியிருந்தார்: ‘நல்ல பையன். குடி இல்லை. புகை இல்லை. பேச்சும் இல்லை.’ அந்த அண்டா என்ன விலை என்று கேட்டு நிறையப் பேர் பதில் போட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் பையனைப் பற்றிக் கேட்டார். சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு லோரி டிரைவர். தங்கை வசந்திக்கு வரன் பார்க்கிறவர்.

நேரில் போய்ப் பெண் பார்க்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். பாலத்தைத் தாண்டினால் சுங்கை பாக்காப் ஒன்றும் தூரமில்லை. ஆனால் வசந்தியின் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் கேசரியும் முறுக்கும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள். போன பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதனால் முதலில் வீடியோவில் பார்த்துப் பேசட்டும், பிடித்திருந்தால்தான் அடுப்பைப் பற்ற வைப்பது என்று சொல்லிவிட்டார். ஐஸ்பெட்டி அண்ணனுக்கு அது தேனாக இனித்தது. உலகத்தில் எல்லாக் காரியத்தையும் போனிலேயே முடிக்கலாம் என்பதுதானே அவர் மதம்.

ஞாயிறு மத்தியானம் முதலாளியிடம் கேட்டுக் கடையிலேயே ஏற்பாடு செய்தார். எனக்கு நீலச் சட்டை. எனக்குப் பின்னால் குடம், குத்துவிளக்கு, தூக்குவாளி என்று அடுக்கி வைத்தார். “வசதியான இடம்னு நினைக்கட்டும்” என்றார். போனை ஒரு இட்லிப் பானையின்மேல் சாய்த்து வைத்தார். பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறைய ஐஸ். கையில் விசிறி. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் மாதிரி அவர் முகம் வேர்த்திருந்தது.

எல்லாம் சரியாகச் செய்தவர் ஒரே ஒரு தப்பு செய்திருந்தார். அன்று காலை எல்லாக் குழுவிலும், ‘இன்று நம் தம்பிக்குப் பெண் பார்க்கும் வைபவம், அனைவரும் வாழ்த்துக’ என்று போட்டுவிட்டார்.

வீடியோ கால் வந்தது. திரையில் வசந்தி தெரிந்தார். மஞ்சள் சேலை, காதோரத்தில் நரைத்த கொஞ்சம் முடி, மறைக்காமல் அப்படியே. நான் வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொல்லி, காதோர முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து வாழ்த்துகள் வரத் தொடங்கின. துறைமுகம் வாழ்த்தியது. கோயில் வாழ்த்தியது. உடற்பயிற்சிப் பெண்கள் தங்கள் குழந்தைகளின் படத்தோடு வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு பிள்ளையார், ஒரு முருகன், ஒரு குத்துவிளக்கு. தீவு மொத்தமும் ஆசீர்வாதம் செய்த கனத்தில் போன் ஒரு தடவை நடுங்கி, நின்றுவிட்டது.

தூக்கிய கையோடு வசந்தி அப்படியே நின்றார். மேல் மூலையில் சின்னக் கட்டத்தில், தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயை மூடிக்கொண்டு நானும் நின்றேன். ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவர் குரல் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

“ஹேங் ஆயிடுச்சு,” என்று ஐஸ்பெட்டி அண்ணன் என் காதில் கிசுகிசுத்தார். “நீ அசையாத தம்பி. படத்துல எப்படி இருக்கியோ அப்படியே இரு. மறுபடி ஓடும்போது குதிச்ச மாதிரி தெரியக்கூடாது.”

நான் தலையைச் சாய்த்து, வாயை மூடி, படத்தில் இருந்த மாதிரியே உட்கார்ந்தேன். அவர் போனை மெதுவாகத் தாம்பாளத்து ஐஸின்மேல் இறக்கினார். விசிறினார். ஊதினார். ஒரு சொம்பைக் கவிழ்த்து நிழல் கட்டினார். சுற்றியிருந்த குடங்களில் எல்லாம் அவர் குனிந்து நிமிர்வது தெரிந்தது. ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து எனக்காக விசிறுகிற மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் வசந்தி பேசினார். பாயான் லெப்பாசில் ஃபேக்டரி வேலை, ஷிப்டு. கல்யாணம் ஆனாலும் வேலையை விட முடியாது. போன வருஷத்திலிருந்து ஒரு முட்டியில் வலி, படி ஏறினால் நின்று நின்றுதான் ஏற முடியும். ராத்திரி வேலை முடிந்து வந்தால் பகலில் தூங்குவேன், அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லக் கூடாது. மெஷின் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் பெரிதாகிவிட்டது, சண்டை போடுகிறேன் என்று நினைக்கக் கூடாது. அண்ணன் பிள்ளைகளை நான்தான் வளர்த்தேன், அவர்கள் வந்து போவார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் எடை எவ்வளவு என்று கேட்டார். இன்னொருவர் ஒன்றுமே கேட்காமல் இரண்டு தட்டு கேசரி தின்றார். எல்லாவற்றையும் எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி, நிறுத்தாமல் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. பேசக் கூடிய ஒரே ஆள் ஐஸைக் கையில் அள்ளி வைத்திருந்தார்.

கடைசியாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சுங்களா? சம்மதம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேணாம். பேசாம இருந்தா நானே புரிஞ்சுக்கிறேன். கோவிச்சுக்க மாட்டேன்.”

“கேட்டுச்சு,” என்று நான் கத்தினேன். மார்க்கெட் ஸ்திரீட் என் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டது. நகைக்கடை வாட்ச்மேன் எழுந்து நின்றார். ஆனால் அதற்கு முன்பே திரை கறுத்துவிட்டது. சூடு தாங்காமல் போன் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அங்கே அந்தப் பெண் இப்போது என் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். கேசரி தின்றவர்களின் வரிசையில் என்னையும் சேர்த்திருப்பார்.

ஐஸ்பெட்டி அண்ணன் போனைத் துண்டில் சுற்றிக்கொண்டு எதிரே பாயிடம் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். என் பட்டன் போனில் கூப்பிடலாம் என்றால் நம்பர் இவருடைய போனுக்குள்தான் இருந்தது. சிம்மைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாய் உதட்டைப் பிதுக்கினார். சிம்மில் ஒன்றுமில்லை, எல்லாம் போனுக்குள். ஐஸில் வைக்காதீர்கள், உள்ளே வேர்க்கும் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று திட்டிக்கொண்டே அதைத் துடைத்து, உறையைக் கழற்றி, மேசை விசிறிக்கு முன்னால் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதற்கு உயிர் வந்தது. ஆனால் நம்பரைத் தேடி விரலை வைத்ததும் நின்றுவிட்டது. மறுபடி அணைத்து மறுபடி போட்டார். மறுபடி நின்றது. வாழ்த்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

“அண்ணே, சபார், பொறுமையா இருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. படத்தை அழிச்சாத்தான் இது திறக்கும். வேற வழியில்ல.”

ஐஸ்பெட்டி அண்ணன் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“முருகனை விட்டுட்டு மத்ததை அழிக்க முடியாதா பாய்?”

“முருகன்தான் அண்ணே அதிகமா இருக்காரு.”

வீட்டுப் படம், மனைவி படம் ஏதாவது இதில் இருக்கிறதா, எடுத்து வைக்கட்டுமா என்று பாய் கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். “அது வீட்டுச் செவுத்துல இருக்கு. இதுல இருக்கறது எல்லாம் ஊர் கொடுத்தது.”

பாய் என்னென்னவோ அமுக்கி, எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, கடைசி பட்டன் வரைக்கும் கொண்டுவந்தார். அப்புறம் விரலை எடுத்துக்கொண்டார்.

“இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன் அண்ணே. உங்க சாமி. நீங்களே அமுக்குங்க.”

ஐஸ்பெட்டி அண்ணன் செருப்பைக் கழற்றினார். மோட்டாருக்குப் போய், பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அஞ்சடியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் போனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“முருகா, நீ ரெண்டு கட்டினவன். இவனுக்கு ஒண்ணுக்குத் தடை சொல்ல மாட்டே.”

அமுக்கினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பாய் எதற்கோ திரும்பிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். உள்ளே இருந்த தேவர்களும் காலமானவர்களும் எல்லோரும் போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

நம்பர் திறந்தது. வசந்தியின் அண்ணன்தான் எடுத்தார். அவர் குரலில் கேசரிக்காரர்கள் மேல் இருந்த கோபம் மொத்தமும் இருந்தது. ஐஸ்பெட்டி அண்ணன் ஒரு விளக்கமும் சொல்லாமல், தங்கச்சியிடம் கொடுங்கள் என்று சொல்லிப் போனை என் கையில் வைத்தார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

“கேட்டுச்சுங்க,” என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. நம்பவில்லையோ என்று பயந்து, கேட்டதை எல்லாம் சொன்னேன். ஷிப்டு, முட்டி வலி, பகல் தூக்கம், பெரிய குரல், அண்ணன் பிள்ளைகள், எடை கேட்டவர், கேசரி. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. “எனக்குச் சம்மதங்க. போன்தான் ஹேங் ஆயிடுச்சு.”

“தெரியும்,” என்றார் வசந்தி. “நான் போனுக்குள்ள வைக்கிற சர்க்யூட் பலகை டெஸ்ட் பண்ற லைன்ல வேலை செய்யறேன். படம் நின்னது எனக்குத் தெரியாதா? நீங்க நின்னுட்டீங்கன்னுதான் அவ்வளவும் தைரியமாப் பேசினேன். அசையற முகமா இருந்தா பாதியிலயே நிறுத்தியிருப்பேன்.” கொஞ்சம் நின்று, “அங்க எப்படி இருந்தீங்க?” என்று கேட்டார்.

“அப்படியேதான் இருந்தேன்,” என்றேன். அது முழு உண்மை.

அடுத்த ஞாயிறு சுங்கை பாக்காப்பில் கேசரி கிண்டினார்கள். ஐஸ்பெட்டி அண்ணன் ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டார். யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

ஆனால் படங்கள் போன நாளிலிருந்து அவர் சரியாக இல்லை. அனுப்பக் கையில் ஒரு சாமியும் இல்லாததால் காலை வணக்கத்தை நிறுத்திவிட்டார், பதிலுக்கு வரும் சாமிகளும் நின்றுபோயின. போன் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அதற்கு ஐஸ் கோசோங் தேவைப்படவில்லை. முக்குக் கடையில் அவருடைய தேநீர் தனியாக வந்தது. அடிக்கடி போனைத் திறந்து, காலியாக இருந்த படப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடுவார். திருவிழா முடிந்து பந்தல் பிரித்த இடத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு முன் வசந்தி எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வைத்தார். பாயிடம் போய், படம் அனுப்புவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஐஸ்பெட்டி அண்ணனுக்கு ஒரு முருகன் படம் அனுப்பினேன். கீழே ரோஜாப்பூவும் போட்டேன். உடனே கூப்பிட்டார். “தம்பி, ஒருத்தர் திரும்பி வந்துட்டாருடா,” என்றார். போன் ஹேங் ஆகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரே ஒரு படத்துக்கு எந்தப் போனும் ஹேங் ஆகாது என்று எனக்கும் அப்போது தெரிந்திருந்தது.

இப்போது அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், கூலிமில் மகள் வீட்டில் இருக்கிறார். வயதாகிவிட்டது. மோட்டார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தப் போன் மறுபடியும் நிரம்பிவிட்டது, மறுபடியும் கொதிக்கிறது. மகள் வீட்டுக் குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தினமும் விடியற்காலையில் அவரிடமிருந்து சாமி படம் வரும். அவர் அனுப்பினால் மட்டும் சேவல் கூவும்படி என் போனில் வைத்திருக்கிறேன். வசந்தி ராத்திரி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற நேரம் அது. அவள் படி ஏறி வருவதற்குள் இரண்டு கோப்பி கலக்கி வைப்பேன்.

சில நாள் படம் வரத் தாமதமாகும். “போன் சூடாயிருக்கும்,” என்பேன். “ஆமா, ஹேங் ஆயிருக்கும்,” என்பாள். சேவல் கூவிய பிறகுதான் கோப்பியைக் கையில் எடுப்போம்.